ஆறு முதல் எட்டு வரை: ராயபுரத்து மொட்டைமாடியில் இலத்தீன், தருக்கம், தேம்பாவணி

அமெரிக்காவிலிருந்து பாடத்திட்டம் வரவழைக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பல கத்தோலிக்கக் குடும்பங்கள் பழைய முறைப்படி இலத்தீன், தருக்கம், பேச்சுக்கலை என்று வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. அதை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, "அந்த புக்கெல்லாம் எவ்ளோ ஆகும் சார்?" என்று எங்கள் சர்ச் பங்கிலேயே சிலர் கேட்டுவிட்டார்கள். டாலர் கொடுத்து வாங்கினாலும் அது ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளைக்காக எழுதியது. ராயபுரத்துப் பிள்ளையின் கையில் இருக்கிற சரக்கே வேறு. அதை வைத்து எப்படி நடத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வாத்தியார் இல்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வாலிப வயதில் கொஞ்ச காலம் குருமடத்தில் இருந்தேன். சாமியார் ஆகவில்லை, இலத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது. கல்மண்டபம் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். காசிமேட்டுப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள், தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், சர்ச் வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள்கூட உண்டு. கட்டணம் கிடையாது. யார் வீட்டிலாவது நல்ல வஞ்சிரம் வந்தால் ஒரு துண்டு என் மனைவி கைக்கு வந்து சேரும்.

பழைய முறை என்றால் என்ன என்று சுருக்கமாக. ஐரோப்பாவில் மடாலயப் பள்ளிகளிலும் பின்னர் பல்கலைக்கழகங்களிலும் ஏழு கலைகள் என்று ஒரு கணக்கு உண்டு. இலக்கணம், தருக்கம், சொற்கலை என்கிற பேச்சுக்கலை மூன்றும் முதல் அடுக்கு. எண், வடிவக்கணிதம், இசை, வானியல் நான்கும் இரண்டாம் அடுக்கு. இயேசு சபையார் 1599-ல் தங்கள் கல்லூரிகளுக்கென்று ஒரு கல்வி விதிமுறையை வெளியிட்டபோது, கீழ் வகுப்புகள் இலக்கணத்தில் தொடங்கிச் சொற்கலையில் முடிகிற மாதிரி அடுக்கினார்கள். இன்று அமெரிக்க வீடுகளில் நடப்பதற்கு இன்னொரு ஊற்று, டாரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை. அந்த அம்மாள் கத்தோலிக்கரும் இல்லை, ஆங்கிலிக்கன் சபை. பிள்ளைப் பருவத்துக்கு மூன்று படி என்றார்: சொன்னதைத் திருப்பிச் சொல்கிற கிளிப்பிள்ளை வயது, எதிர்த்துப் பேசுகிற வயது, கவிதை எழுதுகிற வயது. முதல் வயதுக்கு இலக்கணம், இரண்டாவதுக்குத் தருக்கம், மூன்றாவதுக்குச் சொற்கலை.

ஆறிலிருந்து எட்டு வரை அந்த இரண்டாவது வயது. பெற்றோருக்குத் தலைவலி பிடிக்கிற வயது. "ஏன் கோயிலுக்குப் போணும்?", "நீ மட்டும் போன் பாக்குறியே?" என்று வாய் நீளும். பெரும்பாலான வீட்டில் இதற்கு மருந்து ஒரு அதட்டல், இல்லாவிட்டால் ஒரு டியூஷன். இரண்டும் வேண்டாம். எதிர்த்துப் பேசுகிற வாய்க்கு விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இடம், நேரம், நோட்டு

வாரத்தில் மூன்று சாயங்காலம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் இழுத்தால் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் கெடும், அம்மாமார் சண்டைக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பை இதற்காக நிறுத்தாதீர்கள். அது வேறு வேலை. நற்கருணை, உறுதிப்பூசுதல் போன்ற திருவருட்சாதனங்களுக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பது பங்கின் பொறுப்பு. நாம் செய்வது மூளைக்கான பயிற்சி. இரண்டையும் குழப்பினால் பங்குத்தந்தைக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல் வரும். தொடங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கோடு போடாத நோட்டு ஆளுக்கு ஒன்று. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதத்தை மொத்தமாக வாங்கி நீங்களே தைத்துக்கொண்டால் இன்னும் மலிவு. ஒரு கரும்பலகை. திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. காம்பஸ் பெட்டி எப்படியும் பள்ளிக்கூடப் பையில் இருக்கும். போன் கீழே, என் மனைவியின் தையல் மிஷின் பக்கத்தில் ஒரு கூடையில். அந்தக் கூடையில் என் போனும் இருக்க வேண்டும் என்பது பிள்ளைகள் வாதாடி வாங்கிய சட்டம்.

பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுங்கள். பழைய இயேசு சபைப் பள்ளிகளில் வகுப்பை ரோம், கார்த்தேஜ் என்று பிரித்து, ஒவ்வொரு மாணவனுக்கும் எதிர்க்கட்சியில் ஒரு போட்டியாளன் வைப்பார்கள். இவன் தப்பு செய்தால் அவன் திருத்தி மதிப்பெண் எடுப்பான். வட சென்னையில் ரோமும் கார்த்தேஜும் எடுபடாது. எங்கள் மாடியில் பிரேசில், அர்ஜென்டினா. உலகக் கோப்பை வந்தால் வியாசர்பாடி முதல் ராயபுரம் வரை சுவரெல்லாம் எந்தக் கொடி என்று உங்களுக்கே தெரியும்.

இலத்தீனுக்குத் தமிழ்தான் வாசல்

இலத்தீன் என்றதும் பயப்படுவது பெற்றோர்தான், பிள்ளைகள் இல்லை. அமெரிக்கப் பிள்ளைக்கு இலத்தீனில் முதல் இடி வேற்றுமை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் வால் அனேகமாக மாறாது. இலத்தீனில் மாறிக்கொண்டே இருக்கும். நம் பிள்ளை பிறந்ததிலிருந்து படகை, படகால், படகுக்கு, படகில் என்று பேசிக்கொண்டிருக்கிறது. வினையிலும் அப்படியே. "போகிறேன்" என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இலத்தீனில் "அமோ" என்றாலே "நேசிக்கிறேன்". அமோ, அமாஸ், அமாத் என்பது நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான் என்று ஒரே சாயங்காலத்தில் வாயில் ஏறிவிடும்.

முதல் பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம். வீட்டுச் சுவரில் இருக்கிற பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி நடுவில் வையுங்கள். சிலுவை உச்சியில் ஐ.என்.ஆர்.ஐ. என்று நாலு எழுத்து இருக்கும். தினமும் முத்தி செய்கிற பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாது. யேசுஸ் நாசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும். நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர். "ஓரும்" என்ற வால் "களின்". அதன்பின் யோவான் 19-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் மூன்றிலும் எழுதியிருந்தது. தலைமைக் குருக்கள் வாசகத்தை மாற்றச் சொல்கிறார்கள், பிலாத்து மாட்டேன் என்கிறான். மொழி, வரலாறு, விவிலியம் மூன்றும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கும் பாடம்.

அடுத்தது பூசையில் வாரா வாரம் வருகிற ஒரு வரி. கரும்பலகையில் இப்படி எழுதுவேன்:

ஆஞுஸ் தேயி, க்வி தோல்லிஸ் பெக்காத்தா முந்தி, மிசெரேரே நோபிஸ்.

அதன் கீழே நாம் சொல்வது: உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே, எம்மேல் இரக்கம் வையும்.

முந்தி என்றதும் "சேலை முந்தியா சார்?" என்று ஒருத்தி கேட்பாள். சிரித்து முடியட்டும். பிறகு பிரேசில் ஒரு சொல், அர்ஜென்டினா ஒரு சொல் என்று பிரித்துக் கொடுங்கள். தமிழ் வரியில் எந்தச் சொல் எந்த வேற்றுமை? பாவங்களை என்பதில் ஐ, இரண்டாம் வேற்றுமை, அங்கே பெக்காத்தா. உலகின், இறைவனின் இரண்டும் ஆறாம் வேற்றுமைப் பொருள். அங்கே முந்தி, தேயி. (இன் என்பது உருபா சாரியையா என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், அதுவும் நல்ல பாடம்தான்.) தோல்லிஸ் என்பதன் வால் "நீர் போக்குகிறீர்" என்று முன்னிலையைக் காட்டும். நோபிஸ் என்றால் "எங்களுக்கு". நாம் "எம்மேல்" என்கிறோம், இலத்தீன் "எங்களுக்கு இரங்கும்" என்கிறது என்று கண்டுபிடித்த பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கொடுங்கள். கண்டுபிடிப்பார்கள்.

இப்படியே இன் நோமினே பாத்ரிஸ் (தந்தையின் பெயராலே), ஆவே மரியா (மரியே வாழ்க), பாத்தேர் நோஸ்தேர் (எங்கள் தந்தையே) என்று தொடங்குகிற செபங்கள் மூன்றையும் அவிழ்த்தால் ஆறாவதுக்குப் போதும். ஏழாவதில் வேற்றுமை அட்டவணை. தமிழில் எட்டு, இலத்தீனில் வழக்கமாக ஆறு. நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமையின் வேலையை அவர்கள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் அடக்கிவிடுவார்கள், முன்னால் ஒரு இடைச்சொல்லைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு. பெயர்ச்சொல்லுக்கு ஐந்து வாய்பாடு, வினைக்கு நான்கு. எட்டாவது முடிய முதல் இரண்டு பெயர் வாய்பாடும் முதல் வினை வாய்பாடும் தண்ணீர்பட்ட பாடாக இருந்தால் போதும். மிச்சம் வேண்டுமென்கிற பிள்ளை தானே தேடிப் படிக்கும்.

உச்சரிப்பு ரோமைத் திருச்சபை வழக்கில் இருக்கட்டும். அதில் "ஞ" ஒலி வருகிற இடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நமக்கு அதற்கு எழுத்தே இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதித் தொடங்கி, இரண்டாவது மாதம் ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் பலருக்கு வேற்றுமை என்ற பெயரே தெரியாது, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தமிழ் இலக்கணம் மட்டும். பெற்றோர் முணுமுணுப்பார்கள். "இலத்தீன் கத்துத் தர்றேன்னு சொல்லிட்டு தமிழ் நடத்துறீங்களே சார்?" காது கேளாதவர் மாதிரி இருந்துவிடுங்கள்.

வாய்ச்சண்டைக்கு விதி

ஏழாவது வந்ததும் தருக்கம். சாக்ரடீஸ் மனிதர், மனிதர் எல்லாரும் இறப்பவர் என்கிற உதாரணத்தை ஒரு முறை சொல்லிவிட்டு ஓரம் கட்டுங்கள். காசிமேட்டுப் பிள்ளைக்கு அதைவிட நல்லது கடலில் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. இதிலிருந்து தொடங்குங்கள்.

தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. இது தடைக்காலம். ஆகவே விசைப்படகு போகாது. சரி.

தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. இன்று ஒரு விசைப்படகும் போகவில்லை. ஆகவே இது தடைக்காலம்.

இரண்டாவதை எழுதியதும் மாடி அமளிப்படும். முதல் தடவை கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சரி என்று கை தூக்குவார்கள். படகு வீட்டுப் பிள்ளை மட்டும் சும்மா இருக்க மாட்டான். "இன்னா சார், புயல் கொடி ஏத்தினாலும் போவ மாட்டாங்க. டீசல் விலைக்கு ஸ்டிரைக் பண்ணாலும் போவ மாட்டாங்க. டிசம்பர்லகூட போவாத நாள் இருக்குது." அவன் சொன்னதுதான் பாடம். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து தருக்க நூல்கள் எச்சரிக்கிற பிழையை, பெயர் தெரியாமலே பிடித்துவிட்டான். நாம் செய்ய வேண்டியது, அவன் வாயால் சொன்னதை விதியாக எழுத வைப்பது மட்டும்: காரணம் இருந்தால் விளைவு உண்டு என்பதால், விளைவைப் பார்த்ததும் அதே காரணம்தான் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு விதி பிடிபட்டால் வாட்ஸ்அப் வதந்தியில் பாதி விழுந்துவிடும்.

அடுத்து ஆளைத் தாக்குகிற வாதம். "நீயே கோயிலுக்கு லேட்டா வர்ற, நீ பேசாதே." இதைப் பிள்ளைகள் நாளெல்லாம் செய்வார்கள், வீட்டில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான். லேட்டாக வருகிறவன் சொன்னாலும் சரியானது சரிதான். எப்பொருள் யார்யார்வாய் என்ற குறளை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பார்கள். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று இப்போதுதான் தெரிய வரும். மாடியில் யாராவது ஆளைத் தாக்கினால் எதிர்க்கட்சி "யார்யார்வாய்!" என்று கத்தும். ஒரு மதிப்பெண் போகும்.

இதற்குப் பிறகு புனித அக்குவினா தோமாவிடம் போகலாம். 13-ஆம் நூற்றாண்டுக்காரர், நற்கருணை ஆசீரில் நாம் பாடுகிற பாட்டின் மூலத்தை எழுதியவரும் அவர்தான் என்றால் பிள்ளைகளுக்கு ஒரு நெருக்கம் வரும். அவருடைய இறையியல் தொகுப்பை முழுதும் தொட வேண்டாம். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வைத்திருக்கிற வரிசை போதும். முதலில் எதிராளியின் வாதங்கள். பிறகு அவற்றுக்கு மாறாக ஒரு மேற்கோள். பிறகு "நான் சொல்கிறேன்" என்று தன் விடை. கடைசியில் எதிராளியின் ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனிப் பதில்.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கே அவர் முதலில் வைப்பது இல்லை என்பவர்களின் வாதம். எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடம் இருக்கக் கூடாதே, தீமை இருக்கிறதே என்பது ஒன்று. உலகில் நடப்பதற்கெல்லாம் இயற்கையும் மனித மனமுமே காரணம் என்று சொல்ல முடிகிறபோது கடவுள் எதற்கு என்பது இன்னொன்று. எட்டாவது படிக்கும் பிள்ளையிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். புனிதர் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறாரா என்று முகம் மாறும். கேள்வி கேட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. சில பெற்றோருக்குப் பிடிக்காது. ஒருவர் தன் மகனை நிறுத்தியே விட்டார். நிறுத்தட்டும்.

நம் ஊர்ச் சரக்கிலும் இது உண்டு. நன்னூல், நூலுக்குரிய எழுவகை மதம் என்று சொல்கிறதே, அதில் மூன்றாவது பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. நன்னூல் எழுதிய பவணந்தி சமணர், தோமா தொமினிக்கன் துறவி; ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டுக்கும் ஒரே உதாரணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாரப் பயிற்சி இதுதான்: ஒரு பக்கத் தாளில் தோமா வரிசைப்படி ஒரு கேள்விக்கு விடை. கேள்வி சின்னதாக இருக்கட்டும். தவக்காலத்தில் மீன் சாப்பிடலாம், கறி கூடாது என்பது நியாயமா? (மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதற்கு எழுதுவதைப் படிக்கவே தனியாக டீ போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.) திருடிய பந்தால் அடித்த கோல் செல்லுமா? எதிராளியின் வாதத்தை, எதிராளியே படித்து "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்கிற அளவுக்கு எழுதினால்தான் மதிப்பெண். அது பலவீனமாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என்ன வாசிப்பது

இங்கே ஆசைப்பட்டு அள்ளிப் போடாதீர்கள். வீரமாமுனிவர் மட்டும் போதும் என்பது என் கட்சி. 1680-ல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தமிழில் தேம்பாவணி என்ற காப்பியம் பாடினார். அதில் மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டு. அத்தனையும் எட்டாவது பிள்ளைக்கு ஏறாது. மாதத்துக்கு இரண்டு பாட்டு, சீர் பிரித்து, பொருள் சொல்லி, மனப்பாடம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கருணையன் தாயை இழந்து புலம்புகிற பகுதி இருக்கிறது. அதையே இப்போது எடுங்கள், பெற்றோர் வாயும் அடைபடும்.

பாட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மனிதர் வேலை செய்த விதம். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1732-ல் சதுரகராதி செய்தார்: பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பிரிவு. நோட்டின் கடைசிப் பக்கங்களை அதே நாலாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொற்களை ஏற்றட்டும். வலை, படகு, மீன் சம்பந்தப்பட்ட சொற்களே பக்கம் பக்கமாக வரும். அப்பாவைக் கேட்டு எழுத வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் வாய் திறக்காத அப்பாக்கள்கூட இதற்குப் பதில் சொல்கிறார்கள்.

இது தவிர ஆறாவதுக்குத் திருப்பாடல் 23 மனப்பாடம், ஏழாவதுக்குச் சிலப்பதிகார வழக்குரை காதை, எட்டாவதுக்குப் பின்னாளில் புனிதரான அகுஸ்தினார் சிறுவயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடிய கதை. பசிக்காகத் திருடவில்லை, திருடும் சுகத்துக்காகத் திருடினேன் என்று அவர் எழுதியதைச் சொன்னால் மாடியில் ஒரு சத்தம் இருக்காது. எல்லார் பையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

தங்கூஸ் நரம்பும் பௌர்ணமியும்

இசைக்கு வீணை வாங்க வேண்டாம். ஒரு மீட்டர் பலகை, தூண்டிலுக்குக் கட்டுகிற தடிமனான தங்கூஸ் நரம்பு, இரண்டு மரத்துண்டு. நரம்பை இழுத்துக் கட்டி மரத்துண்டுகளுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் வையுங்கள். மீட்டினால் வருவது ச. முப்பதில் இன்னொரு துண்டை நுழைத்து மீட்டினால் மேல் ச. நாற்பதில் ப. நாற்பத்தைந்தில் ம. பாட்டுப் பாடத் தெரிந்த பிள்ளை காதால் சொல்லட்டும், கணக்குப் பிள்ளை பின்னமாக எழுதட்டும்: 1/2, 2/3, 3/4. பித்தாகோரஸ் பெயரோடு வழங்குகிற விகிதம் இது. பின்னம் என்றால் ஓடுகிற பிள்ளைகள் ஓடாத ஒரே வகுப்பு.

வடிவக்கணிதத்தில் யூக்ளிட்டின் முதல் கணக்கு மட்டும் சொல்கிறேன்: ஒரு கோட்டின் இரு முனையிலிருந்தும் அதே அளவில் வட்டம் போட்டு, வெட்டுகிற புள்ளியைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம். ஏன் சமம் என்று அளக்காமல் சொல்ல வேண்டும். ஸ்கேலைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

வானியலுக்கு உயிர்ப்புப் பெருவிழா இருக்கிறது. கிறிஸ்துமஸ் நிலையாக நிற்கிறதே, ஈஸ்டர் மட்டும் ஏன் நகர்கிறது? மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. 2026-ல் பௌர்ணமி ஏப்ரல் 2, பெரிய வியாழன், ஈஸ்டர் 5. 2025-ல் பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 13, அன்று குருத்து ஞாயிறு. அப்படியானால் ஈஸ்டர் என்றைக்கு? அடுத்த ஞாயிறு, 20. விதியில் "அடுத்த" என்ற சொல் எதற்கு இருக்கிறது என்று அந்த வருடத்தை வைத்துப் பிடித்துவிடுவார்கள். 2027-க்குப் பௌர்ணமி மார்ச் 22 என்று மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். திருச்சபை கணக்குக்கு எடுப்பது அட்டவணைப்படியான பௌர்ணமி, சில வருடம் வானத்துப் பௌர்ணமியோடு ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதை எட்டாவது பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.

கணக்குப் போட்ட பௌர்ணமியைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெற்றோர் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். மேற்கே, ஊர்ப்பக்கம் சூரியன் இறங்குகிற நேரத்தில் கிழக்கே கடலிலிருந்து நிலா எழும். ஏன் இரண்டும் எதிரெதிரே? ஒரு பந்து, ஒரு டார்ச், ஒரு பிள்ளையின் தலை இருந்தால் மணலிலேயே விளக்கிவிடலாம்.

இதோடு 1582-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நாட்காட்டி பருவத்தோடு பத்து நாள் பிசகிப்போனதால் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி திருத்தினார். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. கணக்கை விளக்கி எழுதி நிலைநாட்டியவர் கிளாவியுஸ் என்ற இயேசு சபைக் கணிதர். புனித அவிலா தெரேசம்மாள் இறந்தது சரியாக அந்த 4-ஆம் தேதி இரவு, திருவிழா 15-ல். "அப்ப நடுவுல பத்து நாள் பர்த்டே உள்ளவன் கேக்கு வெட்டலியா சார்?" என்பது எல்லா ஆண்டும் வருகிற கேள்வி.

தடைக்காலத்தில் பேச்சு

சொற்கலை எட்டாவதின் கடைசியில்தான். அதுவரை மேடைப் பேச்சு வேண்டாம். டீச்சர் எழுதிக் கொடுத்ததைக் கையை ஆட்டி ஒப்பிக்கிற பேச்சுப்போட்டிகளை நான் அறவே ஒதுக்கிவிட்டேன். பிள்ளைக்குக் கோப்பை வரும், சொந்தக் கருத்து வராது.

கிரேக்க, ரோமப் பள்ளிகளில் சிறுவர்களுக்கென்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு முதுமொழியை எடுத்துக்கொள்ள வேண்டும். சொன்னவரைப் புகழ், உன் சொல்லில் திருப்பிச் சொல், காரணம் சொல், மாறாக இருந்தால் என்ன ஆகும் சொல், ஒப்புமை காட்டு, நடந்த உதாரணம் காட்டு, சான்றோர் வாக்கு ஒன்று சேர், இரண்டு வரியில் முடி. எட்டுப் படி. குறளை எடுத்துக்கொண்டு எட்டுப் பத்தி எழுத வைத்தால் அதுவே ஐந்து நிமிடப் பேச்சு. எழுதியதை மனத்தில் வாங்கி, தாளைப் பார்க்காமல் பேச வேண்டும். மாடி ஓரத்தில் நின்று பேசினால் தெருவில் போகிறவருக்குக் கேட்க வேண்டும். சொற்கலையின் கடைசி அங்கமான குரலுக்கும் பாவனைக்கும் அதுதான் பரீட்சை.

பெரிய விவாதத்தை மே மாதத்தில் வையுங்கள். பள்ளிக்கூடம் லீவு, தடைக்காலம் என்பதால் அப்பாக்கள் கரையில் வலை கட்டிக்கொண்டு இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள். தலைப்பு அவர்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். ஒரு முறை "தடைக்காலம் வேண்டுமா?" என்று வைத்தோம். எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். ஆகவே படகுக்காரர் மகள் தடைக்காலம் வேண்டும் என்று பேச வேண்டியதாயிற்று. முட்டையிடும் பருவம், குஞ்சு மீன், அடுத்த வருட வரத்து என்று தோமா வரிசையில் அடுக்கினாள். முதலில் எதிர்வாதத்தை, அதாவது தன் அப்பாவின் வருமானக் கணக்கை, நிவாரணத் தொகை போதாத கதையோடு முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து, "அது சரிம்மா, பெரிய கப்பலுக்கும் சேத்து சொல்லு" என்றார். அவள் உடனே, "அது வேற கேள்வி நைனா, அதுக்குத் தனியா பதில் சொல்றேன்" என்றாள். கேள்வியைப் பிரித்து நிறுத்துகிற இந்தப் பழக்கத்துக்காகத்தான் ஏழாவது முழுக்கத் தருக்கம் நடத்துகிறோம்.

ஒன்பதாவது வந்ததும் டியூஷன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தடுக்காதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் வரச் சொல்லி, சின்னவர்களின் தோமா தாள்களைத் திருத்தக் கொடுங்கள். சிவப்பு மை வேண்டாம், பென்சில் போதும். திருத்தியவர் தன் பெயரையும் கீழே எழுத வேண்டும்; திருத்தம் தப்பு என்று ஆறாவது பிள்ளை நிரூபித்தால் மதிப்பெண் ஆறாவதுக்கு.